உயிர் காத்த 'ஹியூயி'

வியட்நாம் போர் என்றதும் என் வயதுக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது, தடதடவென்று வரும் அந்த ஹெலிகாப்டர்தான். ராணுவம் வைத்த பெயர் இராகுவாய். முதலில் கொடுத்த குறியீடு எச்.யு.-1. அந்த 1-ஐ ஆங்கில 'ஐ' எழுத்தாகப் பாவித்துச் சேர்த்து வாசியுங்கள், 'ஹியூயி' வந்துவிடும்!

பெல் கம்பெனி தயாரித்த இது முதன்முதலில் பறந்தது 1956 அக்டோபரில். காயம்பட்டவர்களைத் தூக்கி வருவது ராணுவம் கேட்ட முக்கிய வேலைகளில் ஒன்று. பழைய பிஸ்டன் எஞ்சினுக்குப் பதில் டர்பைன். எடை குறைவு, சக்தி அதிகம். அதைக் கூரை மேல் வைத்துவிட்டதால் உள்ளே இடம் தாராளம்.

வியட்நாமில் சுமார் 7,000 ஹியூயிகள் பறந்தன. 3,000-க்கும் மேல் அழிந்தன. ஆள், தோட்டா, தண்ணீர் எல்லாம் சுமந்தது. ராக்கெட் மாட்டிச் சுட்டதும் இதேதான். ஆனால் என் மனதில் நிற்பது 'டஸ்ட்ஆஃப்' என்ற மருத்துவப் பிரிவு. அதன் தலைவர் மேஜர் சார்லஸ் கெல்லி 1964 ஜூலை 1 அன்று, "சுடுகிறார்கள், போய்விடு" என்று எச்சரித்தும், காயம்பட்டவர்களை ஏற்றாமல் கிளம்ப மறுத்து உயிர்விட்டார். அந்தப் பிடிவாதமே பின்வந்த விமானிகளுக்கு மரபாயிற்று.

அந்தப் போர் நியாயமா என்பது வேறு பேச்சு. ஒரே எந்திரம்தான் கொன்றது, காப்பாற்றியது. எது வேண்டும் என்பதை எஞ்சின் தீர்மானிக்கவில்லை, மனுஷன்தான் தீர்மானித்தான். இன்று நம் கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளே, நாளை நீங்கள் எதை வடிவமைத்தாலும், அது யாரைத் தூக்கி வரும் என்று முதலில் யோசியுங்கள்.