குருதிக்குப் பதிலாக நீர்

பாய்சொய் என்ற பெயரை நாம் அறிந்தது ஒரு தேர்வுச் சமன்பாடாகத்தான். அவர் பாரிஸ் நகரத்து மருத்துவர் என்பதையும், மெல்லிய நாளங்களில் குருதி எவ்வாறு ஓடுகிறது என்ற கேள்வியே அவரை ஆட்கொண்டிருந்தது என்பதையும் வகுப்பில் யாரும் சொன்னதாக நினைவில்லை. 1828இல் பாதரசக் குழாயால் தமனியின் அழுத்தத்தை அளந்தவர் அவர். எனினும் 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்ணாடி நுண்குழல்களுக்குள் அவர் ஓடவிட்டது பெரும்பாலும் நீரைத்தான். உடலைவிட்டு நீங்கிய குருதி உறைந்துவிடும். அதைத் தடுக்கும் ஹெப்பாரின் 1916இல்தான் கண்டறியப்பட்டது.

அவருடைய விதியும் அமைதியான ஓட்டத்துக்கே உரியது. 1883இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் விட்ட சாய இழை, வேகம் கூடியதும் சிதறிக் கலங்கிற்று. அவர் பெயரால் வழங்கும் எண் ஏறத்தாழ 2300ஐக் கடந்தால் இந்தக் கலக்கத்தை எதிர்பார்க்கலாம்.

1953 மே 6 அன்று பிலடெல்பியாவில் ஜான் கிப்பனின் இதய நுரையீரல் இயந்திரம் ஓர் இளம்பெண்ணின் உயிரை 26 நிமிடம் தாங்கிநின்றது. குருதி இப்போது உண்மையாகவே குழாய்க்குள் வந்துவிட்டது. செல் உடைந்தால் வெளியேறும் ஹீமோகுளோபின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகவே கலங்கிய ஓட்டத்தில் சறுக்கு வீதம், அதாவது அடுத்தடுத்த அடுக்குகள் ஒன்றையொன்று உரசி வழுக்கும் வேகம், எவ்வளவு?

விடைக்கான வழியை 1941இல் கோல்மொகொரோவ் திறந்துவைத்தார். ஒவ்வொரு கிலோகிராம் திரவத்திலும் நொடிக்கு எவ்வளவு ஆற்றல் உராய்வில் கரைகிறது என்று காண்க; அதை இயக்கப் பாகுநிலையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் சராசரிச் சறுக்கு வீதம். கரையும் ஆற்றலைக் குழாயின் அழுத்த இழப்பே சொல்லிவிடும்.

நாமே போட்டுப் பார்த்தோம். பத்து மில்லிமீட்டர் குழாயில் நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் குருதி: ரெனால்ட்ஸ் எண் சுமார் 3200, சராசரிச் சறுக்கு வீதம் நொடிக்கு ஏறக்குறைய 870. மிகச் சிறிய சுழல்களே அறுபது மைக்ரான் அளவினவை. சிவப்பணுவோ எட்டு மைக்ரான். சராசரித் தகைவு மூன்று பாஸ்கல், சுவரருகே ஆறு. ஹூஸ்டனில் லெவரெட், ஹெல்லம்ஸ் குழுவினர் 1972இல் வெளியிட்ட ஆய்வின்படி, சில நிமிடங்கள் நீடித்தால் தகைவே செல்லை உடைக்கும் எல்லை 150 பாஸ்கல். கலக்கம் என்ற சொல் தந்த அச்சம் இங்கே பொருளற்றுப் போகிறது.

ஆனால் சராசரியை நம்பி உறங்க முடியாது. அதே குருதியை ஐந்து மில்லிமீட்டர் குழாயில் செலுத்தினால் சுவர்த் தகைவு பதின்மூன்று மடங்குக்கு மேல் ஏறி 84 பாஸ்கலைத் தொடுகிறது. அறுவை மருத்துவர் விரும்புவதோ, நாளத்தைக் குறைவாகக் கிழிக்கும் மெல்லிய குழல்முனையைத்தான்.