பிரின்ட்மேக்கிங் படிக்கலாமா? தருமபுரி மாணவர்களுக்கு ஒரு கைடு!

'பிரின்ட்மேக்கிங் படிக்கப் போறேன்'னு வீட்டுல சொன்னதும், 'ஜெராக்ஸ் கடை வைக்கப் போறியா?'ன்னு கேட்கிறாங்களா? அப்போ முதல்ல அது என்னன்னு அவங்களுக்குப் புரியவைக்கணும். அதைவிட முக்கியம், நாலு வருஷம் படிச்சு முடிச்சதும் உங்க கையில் என்ன இருக்கும்னு நீங்க தெரிஞ்சுக்கணும். வாங்க, பார்க்கலாம்.

நம்ம ஊர்லயே இருக்கு உதாரணம்

தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கீங்களா? அங்கே நிற்கும் நடுகற்களின் எழுத்துகளை ஆய்வாளர்கள் 'மைப்படி' எடுப்பாங்க. ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மேலே மை ஒற்றுவாங்க. கல்லின் மேடான பகுதி கறுப்பாகவும், வெட்டிய எழுத்து வெள்ளையாகவும் தாளில் பதியும். அச்சு ஓவியத்தின் அடிப்படையும் இதுதான். ஒரு பரப்பில் உருவத்தை உருவாக்கி, மை தடவி, தாளில் எடுக்கணும்.

என்னென்ன கத்துக்கலாம்?

முக்கியமா நாலு வகை.

மரச்செதுக்கு, லினோகட்: வேண்டாத இடத்தைச் செதுக்கி எடுத்துட்டு, மிச்சமிருக்கும் மேட்டில் மை தடவி அச்சிடுவது.

எட்ச்சிங்: இது நேர் எதிர். உலோகத் தகட்டில் ஆசிட் அரித்த பள்ளத்தில் மை நிற்கும். பிரஸ்ஸின் அழுத்தத்தில் தாள் அதை உறிஞ்சி எடுக்கும்.

லித்தோகிராஃபி: எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதை வெச்சு, கல்லில் வரைந்து அச்சிடுவது.

ஸ்க்ரீன் பிரின்டிங்: மஞ்சப்பையிலும் டிஷர்ட்டிலும் நீங்க பார்க்கும் அதே முறை.

ஒரு படத்தை 20 பிரதி எடுத்தா, அதில் ஐந்தாவதில் பென்சிலால் 5/20 என எழுதிக் கையெழுத்துப் போடுவாங்க. அந்த 20-ம் ஒரிஜினல்தான், நகல் கிடையாது. பெயின்டிங்கை ஒருத்தருக்குத்தான் விற்க முடியும். அச்சு ஓவியத்தை 20 பேருக்கு, குறைஞ்ச விலையில் விற்கலாம். புதுசா வரும் கலைஞருக்கு இது நல்ல தொடக்கம்.

எங்கே படிக்கலாம்?

சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி, 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியில் இருந்து வளர்ந்தது. இங்கே நாலு வருட பி.எஃப்.ஏ படிப்பில் அச்சு ஓவியத்துக்குத் தனிப் பிரிவு உண்டு. ப்ளஸ் டூ முடிச்சிருக்கணும். மார்க்கோடு, உங்க வரையும் திறமையையும் சோதிப்பாங்க. அதனால இப்பவே தினமும் ஸ்கெட்ச் பண்ணுங்க.

சென்னையைவிட நமக்குப் பக்கம் பெங்களூரு, சுமார் 140 கிலோமீட்டர்தான். அங்குள்ள கர்நாடக சித்ரகலா பரிஷத்திலும் அச்சுக்கலை படிக்கலாம். மேற்படிப்புக்கு பரோடா எம்.எஸ் பல்கலைக்கழகமும், சாந்திநிகேதனின் கலா பவனமும் பெயர்பெற்றவை.

செலவுக் கணக்கில் ஹாஸ்டல், சாப்பாட்டோடு தகடு, மை, தாள் செலவையும் சேர்த்துக்கோங்க. அரசுப் பள்ளியில் படிச்சவங்க புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் பெற முடியுமான்னு கல்லூரி அலுவலகத்தில் கேட்டுடுங்க.

டிகிரி கிடைக்கும், பிரஸ்?

பலர் யோசிக்காம விடும் விஷயம் இது. பெயின்டிங் படிச்சவர் வீட்டு மூலையில் உட்கார்ந்து வரையலாம். எட்ச்சிங் கத்துக்கிட்டவருக்குக் கனமான பிரஸ்ஸும், ஆசிட் வேலைக்கு காற்றோட்டமான இடமும் வேணும். இது ரெண்டும் கல்லூரியை விட்டு வெளியே வந்த மறுநாளே இல்லாமல்போகும். வேலையும் அங்கேயே நின்னுடும். அதனால, முதல் வருஷத்துலயே மூணு விஷயத்தைப் பிளான் பண்ணுங்க.

ஒண்ணு, கல்லூரி ஒர்க்‌ஷாப்பை முழுசா பயன்படுத்துங்க. ஒவ்வொரு எடிஷனிலும் சில பிரதிகளைப் பத்திரமா வெச்சுக்கோங்க. பின்னாளில் கண்காட்சிக்கும் விண்ணப்பத்துக்கும் அதுதான் உங்க சொத்து.

ரெண்டு, பொது ஸ்டூடியோக்களைத் தெரிஞ்சுவைங்க. சென்னை கிரீம்ஸ் சாலையில் இருக்கும் லலித் கலா அகாடமியின் மண்டல மையத்தில் அச்சு ஸ்டூடியோ இருக்கு.

மூணு, பிரஸ் இல்லாமலும் செய்யக்கூடிய லினோகட், மரச்செதுக்கில் நல்லா கை தேறுங்க.

முன்னாடி போனவங்க

1957-ல் தேவகோட்டையில் பிறந்த ஆர்.எம்.பழனியப்பன் சென்னைக் கல்லூரியில் படிச்சவர். ஃபுல்பிரைட் உதவியோடு அமெரிக்காவின் டாமரின்ட் நிறுவனத்தில் லித்தோகிராஃபி பயின்றார். பிறகு, லலித் கலா அகாடமியின் சென்னை மையத்துக்கே தலைமை வகித்தார். ஆந்திராவின் சித்தூர் மாவட்டக் கிராமத்தில் பிறந்த கிருஷ்ணா ரெட்டி, பாரிஸின் 'அட்டெலியே 17' ஸ்டூடியோவில், ஒரே தகட்டில் பல நிறங்களை அச்சிடும் முறையை உருவாக்கியவர்களில் ஒருவர். இருவருக்குமே வழி திறந்தது ஒரு நல்ல ஒர்க்‌ஷாப்தான்.

வேலை கிடைக்குமா?

அச்சு ஓவியத்தை மட்டும் நம்பி உடனே மாத வருமானம் வரும்னு யாரும் உறுதி தர முடியாது. இதை வீட்டிலும் மறைக்காமல் சொல்லிடுங்க. ஆனா டெக்ஸ்டைல் டிசைன், புத்தக ஓவியம், பேக்கேஜிங்னு பக்கத்து வழிகள் உண்டு. எம்.எஃப்.ஏ முடிச்சு, யு.ஜி.சி நெட் தேர்வில் விஷுவல் ஆர்ட் எழுதினால் கல்லூரியில் பாடம் நடத்தும் வாய்ப்பும் இருக்கு.

இந்த வாரமே ட்ரை பண்ணுங்க

ஒரு பெரிய ரப்பரில் உங்க பெயரின் முதல் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி வரைஞ்சு, சுற்றிலும் கவனமா பிளேடால் செதுக்குங்க. இங்க் பேடில் ஒற்றி, தாளில் அழுத்துங்க. அப்படியே பத்து பிரதி எடுங்க. பத்தாவதும் முதலாவது மாதிரியே வரணும்னு உங்களுக்குப் பிடிவாதம் வருதா? அப்போ விண்ணப்பப் படிவத்தைத் தேட ஆரம்பிக்கலாம்.