முறை வைத்து மலையேற்றியவர்கள்

1644 ஜூன் மாதம் ஆல்ப்ஸ் மலையின் பள்ளத்தாக்கு ஒன்றில் ஏறத்தாழ 300 பேர் ஊர்வலமாகப் போனார்கள். முன்னால் நடந்தவர் சார்ல் த சால் என்ற ஆயர். அவர் விரட்டப் போனது பேயை அல்ல, பனியை. அந்த நூற்றாண்டில் குளிர் முற்றிப்போய், மலையிலிருந்த பனியாறுகள் வயல்களையும் வீடுகளையும் நசுக்கிக்கொண்டு ஊர் எல்லைவரை இறங்கியிருந்தன. ஆயர் பனிக்கட்டியின் விளிம்பில் நின்று ஜெபித்து மந்திரித்தார்.

அந்த ஊர் ஷாமோனி. இன்று பிரான்சைச் சேர்ந்தது, அன்று சவோய் கோமகனின் ஆட்சியில் இருந்தது. ஆர்வ் ஆறு ஓடும் அடிவாரமே கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல். தலைக்கு மேலே 4,800 மீட்டர் தாண்டி நிற்கிறது மோன் பிளாங் சிகரம். ஊர்க்காரர்களில் மேலே போகிறவர்கள் இரண்டே வகை: மலையாடு வேட்டைக்காரர்கள், பாறை இடுக்கில் படிகக்கல் தேடுகிறவர்கள். மற்றவர்களுக்கு அங்கே வேலையில்லை. வேலையில்லாத இடத்துக்கு மனிதன் ஏன் போக வேண்டும் என்பதுதான் அவர்கள் நியாயம். குறை சொல்ல முடியாது.

1741 கோடையில் அந்த நியாயத்துக்குக் கட்டுப்படாத ஓர் ஆங்கிலேயக் கூட்டம் ஜெனீவாவிலிருந்து வந்தது. தலைவர்கள் வில்லியம் விண்டம், ரிச்சர்ட் போகாக். போகாக் அப்போதுதான் எகிப்துப் பயணம் முடித்துத் திரும்பியிருந்தார். கொள்ளையருக்குப் பயந்து கைத்துப்பாக்கிகளோடு வந்தவர்கள் ஒரு கொள்ளையனையும் பார்க்கவில்லை. ஊர்க்காரர்களைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மொன்தன்வேர் மேட்டுக்கு ஏறி, அங்கிருந்து பனியாற்றின்மேல் இறங்கினார்கள். புயலில் கொந்தளித்த ஏரி அலையோடு அலையாக உறைந்துவிட்டதுபோல இருந்தது என்ற பொருளில் விண்டம் எழுதி அச்சிட்டார். ‘மேர் த கிளாஸ்’, அதாவது பனிக்கட்டிக் கடல் என்ற பெயர் பிற்பாடு அப்படித்தான் நிலைத்தது. இவர்கள் ஷாமோனியைக் ‘கண்டுபிடித்தார்கள்’ என்று சொல்லும் வழக்கமும் வந்துவிட்டது. 11ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே ஒரு மடாலயம் இருந்தது. வரி வசூலிக்க வந்தவர்கள் ஒருபோதும் வழி தவறியதில்லை.

உண்மையில் அன்று தொடங்கியது ஒரு தொழில். மலையேறி வேட்டையாடியவனுக்கு, மலை பார்க்க வந்தவனைக் கூட்டிப்போனால் காசு கிடைக்கும் என்று தெரிந்தது.

1760இல் ஜெனீவாவின் இளம் அறிவியலாளர் ஒராஸ் பெனடிக்ட் த சொசூர் ஷாமோனிக்கு வந்தார். மோன் பிளாங் உச்சிக்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு என்று அறிவித்துவிட்டுப் போனார். 26 ஆண்டுகள் அந்தப் பரிசை யாராலும் வாங்க முடியவில்லை. தடை பாறை மட்டுமல்ல. பனியின்மேல் ஓர் இரவு தங்கினால் உயிர் போய்விடும் என்று எல்லோரும் நம்பினார்கள். ஒரே பகலில் ஏறி இறங்கவும் முடியாது. 1786 ஜூனில் ஜாக் பால்மா என்ற படிகக்கல் வேட்டைக்காரர், கூட வந்தவர்களைப் பிரிந்து பனியில் தனியாக இரவைக் கழித்துவிட்டு உயிரோடு ஊர் திரும்பினார். பாதிச் சிகரம் அன்றே ஏறியாயிற்று என்று சொல்லலாம். ஆகஸ்டு 8ஆம் தேதி மாலை ஆறரை மணிவாக்கில் பால்மாவும், ஊர் வைத்தியர் மிஷல் கப்ரியேல் பக்காரும் உச்சியில் நின்றார்கள். அடிவாரத்திலிருந்து தொலைநோக்கி வழியே அதைப் பார்த்துக் குறிப்பெடுத்தவர் கெர்ஸ்டார்ஃப் என்ற ஜெர்மானியப் பிரபு.

பிறகு நடந்ததுதான் கதை. பரிசு பால்மாவுக்குப் போனது. ஏற முயன்று தோற்றிருந்த எழுத்தாளர் பூரி, பக்காரைச் சிறுமைப்படுத்தி எழுதினார். பல ஆண்டுகள் கழித்து முதிய பால்மா, நாவலாசிரியர் அலெக்சாந்தர் டூமாவிடம் தன் கதையைச் சொன்னபோது, வைத்தியர் தட்டுத்தடுமாறி இழுத்துவரப்பட்டவராகச் சுருங்கிவிட்டார். டூமா எழுதினால் உலகம் நம்பாதா? 1887இல் ஊர் நடுவே எழுந்த வெண்கலச் சிலையில் பால்மா சிகரத்தைச் சுட்டிக்காட்டுகிறார். பக்கத்தில் நிற்பது பக்கார் அல்ல, பரிசு அறிவித்த சொசூர். கெர்ஸ்டார்ஃபின் குறிப்புகளை 20ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த பிறகுதான் வைத்தியரின் பங்கு துலங்கியது. அவருக்குச் சிலை வைக்க 1986 ஆயிற்று. இருநூறு ஆண்டுத் தாமதம்.

சொசூர் 1787இல் 18 வழிகாட்டிகளோடும் ஒரு பணியாளோடும் தானே ஏறினார். உச்சியில் நாலரை மணி நேரம் இருந்து காற்றழுத்தமும் நீரின் கொதிநிலையும் அளந்தார். அவருடைய நூல்களைப் படித்தவர்கள் ஐரோப்பா முழுவதிலிருந்தும் வரத் தொடங்கினார்கள். 1808இல் மரி பராடி என்ற ஏழைப் பணிப்பெண், உச்சி தொட்ட முதல் பெண் ஆனார். 1838இல் ஆன்ரியெத் தாஞ்ஜெவில் என்ற சீமாட்டி 6 வழிகாட்டிகள், 6 சுமையாட்களுடன் ஏறினார். அவர் கட்டிக்கொண்டு போன சாப்பாட்டில் 24 வறுத்த கோழிகள் இருந்தன.

இந்தக் கூட்டத்தை யார் கூட்டிப்போவது, எவ்வளவு வாங்குவது, வழியில் செத்தால் குடும்பத்துக்கு யார் பொறுப்பு? கடைசிக் கேள்விக்கான விடைக்கு 1820 ஆகஸ்டு 20 வழிவகுத்தது. ஹாமெல் என்ற ரஷ்ய மருத்துவரின் குழு ஏறிக்கொண்டிருந்தபோது பனிச்சரிவு இறங்கியது. மூன்று வழிகாட்டிகள் பனிப்பிளவுக்குள் போய்விட்டார்கள். அடுத்த ஆண்டே, 1821இல், ஷாமோனி வழிகாட்டிகள் சங்கம் பிறந்தது. உலகின் மிகப் பழைய மலை வழிகாட்டிகள் சங்கம் அதுதான். அதன் முதல் கவலைகளில் ஒன்று விபத்தில் சிக்கியவர் குடும்பங்களுக்கான நிதி. அதைவிடச் சுவாரசியமானது மற்றொரு விதி: முறை. நம்மூர் ஆட்டோ ஸ்டாண்டுபோல, வரிசையில் யார் முறையோ அவர்தான் அடுத்த பயணியை அழைத்துப் போக வேண்டும். பயணி கெட்டிக்காரனைப் பொறுக்கி எடுக்க முடியாது. கெட்டிக்காரனும் காசு அள்ள முடியாது. ஒரு நல்ல வருமானம் வீடு வீடாகச் சுற்றி வந்தது.

வந்தவர்களுக்கு இது எரிச்சல். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறப் போகிறவனிடம், வரிசையில் வந்த ஆளோடு போ என்றால்? மோன் பிளாங் ஏறும் ஒருவருக்கு நான்கு வழிகாட்டிகள் கட்டாயம் என்ற விதியும் சேர்ந்தது. 1851இல் ஆல்பர்ட் ஸ்மித் என்ற லண்டன் நகைச்சுவையாளர் மூன்று நண்பர்களோடு ஏறியபோது கூட 16 வழிகாட்டிகள் போனார்கள். கிட்டத்தட்ட நூறு புட்டி மதுவும் போனது. ஊர் திரும்பிய ஸ்மித் லண்டனில் ‘மோன் பிளாங் ஏற்றம்’ என்ற மேடை நிகழ்ச்சியை ஆண்டுக்கணக்கில் நடத்திச் செல்வந்தர் ஆனார். அதைப் பார்த்த நடுத்தர வர்க்கம் மூட்டை கட்டிக்கொண்டு ஷாமோனிக்குக் கிளம்பியது. அறிவியல் நூல்கள் செய்யாததை ஒரு கேளிக்கை செய்தது.

முறை விதிக்கு ஒரு விலையும் இருந்தது: ஆளைப் பொறுக்கி எடுக்க விரும்பியவர்கள் வெளியூர் வழிகாட்டிகளோடு வரலாம். 1865 ஜூனில் எட்வர்ட் விம்பர் என்ற ஆங்கிலேயர் சுவிஸ் வழிகாட்டிகளை வைத்துக்கொண்டு ஏகுயி வெர்த் சிகரத்தை முதன்முதலில் ஏறி முடித்தார். தங்கள் மலையில் வெளியூர் ஆள் ஏறிவிட்டானே என்று ஷாமோனி கொதித்தது. அவர் ஏறவே இல்லை, பொய் என்றார்கள். இரண்டு வாரம் கழித்து மாட்டர்ஹார்ன் சிகரத்தின் முதல் ஏற்றத்தில் அதே விம்பரோடு போன மிஷல் க்ரோ, இறங்கும்போது மூன்று பிரிட்டிஷ்காரர்களோடு விழுந்து இறந்தார். க்ரோ ஷாமோனிப் பள்ளத்தாக்குக்காரர், அக்காலத்தின் தலைசிறந்த வழிகாட்டிகளில் ஒருவர். சங்கத்தின் உள்ளூர்ப் பிடி மட்டும் நெடுநாள் தளரவில்லை. பள்ளத்தாக்கில் பிறக்காத ஒருவரை அது முதலில் சேர்த்துக்கொண்டது 1930இல்: பின்னாளில் மலை நாவல்களால் புகழ்பெற்ற ரோஜே ஃப்ரிசோன் ரோஷ்.

பனியாறு விழுங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் என்பதும் இந்த ஊர் கற்ற பாடம். 1820இல் மறைந்த மூவரின் எச்சங்கள் 1861இல் போசோன் பனியாற்றின் அடியில் வெளிப்பட்டன. பனி நகரும் வேகத்தை அளந்த ஸ்காட்லாந்து அறிஞர் ஃபோர்ப்ஸ், நாற்பது ஆண்டு வாக்கில் வரும் என்று முன்பே கணக்குச் சொல்லியிருந்தார். விபத்தில் தப்பி முதியவராகிவிட்ட வழிகாட்டி ஒருவர் தோழர்களை அடையாளம் காட்டினார்.

அதே பனியாறு நமக்கும் பாக்கி வைத்திருக்கிறது. 1950 நவம்பர் 3ஆம் தேதி ஏர் இந்தியாவின் ‘மலபார் பிரின்சஸ்’ விமானம் மோன் பிளாங்கில் மோதி, அதிலிருந்த 48 பேரும் இறந்தார்கள். பெரும்பாலோர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இந்தியக் கப்பல் தொழிலாளர்கள். தேடப் போன வழிகாட்டி ரெனே பயோ பனிப்பிளவில் விழுந்து உயிர்விட்டார். 1966 ஜனவரி 24 அன்று ‘கஞ்சன்ஜங்கா’ விமானம் ஏறக்குறைய அதே இடத்தில் மோதியது. இறந்த 117 பேரில் அணு விஞ்ஞானி ஹோமி பாபாவும் ஒருவர். 2012இல் அந்த விமானத்தின் இந்திய வெளியுறவுத் துறை அஞ்சல் பை ஒன்று பனியிலிருந்து வெளிவந்தது. மறு ஆண்டு ஒரு மலையேறி மரகதமும் நீலமும் நிறைந்த பெட்டியைக் கண்டெடுத்து, நேர்மையாகக் காவல் துறையிடம் கொடுத்தார். உரிமை கோரி யாரும் வராததால் 2021இல் கற்களை அவரும் ஊராட்சியும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

இதற்கிடையே இயந்திரங்கள் வந்துவிட்டன. 1901இல் ஊருக்கு ரயில். 1909இல் மொன்தன்வேர் வரை பல்சக்கர ரயில். கோவேறு கழுதை வைத்துப் பயணிகளை ஏற்றிப் பிழைத்தவர்கள் அதைக் கடுமையாக எதிர்த்தும் பயனில்லை. 1924இல் முதல் குளிர்கால ஒலிம்பிக் இங்கே நடந்தது. வேடிக்கை என்னவென்றால், நடந்தபோது அதற்கு அந்தப் பெயரே கிடையாது. 1955இல் ஏகுயி த்யு மிதி சிகரத்துக்கு ரோப் கார். செருப்புப் போட்ட காலோடு 3,800 மீட்டர் உயரத்தில் காபி குடிக்க வசதி வந்தது.

பனி மட்டும் பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. 1988இல் மொன்தன்வேரிலிருந்து பனிக்கட்டிக் கடலுக்கு இறங்கும் ரோப் கார் வந்தபோது, அதிலிருந்து சில படிகள் இறங்கினால் போதும். பிறகு படிகள் 500ஐத் தாண்டின. 2024இல் பனியைத் துரத்திக்கொண்டு இன்னும் மேலே புதிய ரோப் கார் போட்டார்கள். 2022 ஜூலையில் வெப்பத்தால் பாறைகள் பெயர்ந்து விழத் தொடங்கியதும், மோன் பிளாங்கின் வழக்கமான பாதையில் ஆள் கூட்டிப்போவதை வழிகாட்டிகள் சங்கம் தானே நிறுத்திவைத்தது. பயணி கேட்டாலும், காசு நீட்டினாலும் இல்லை என்று சொல்லும் அதிகாரத்தை அந்த ஏழை ஊர்க்காரர்கள் 1821இல் தங்களுக்கென்று உண்டாக்கிக்கொண்டதுதான் ஷாமோனியின் பெரிய சாதனை. உச்சி தொட்டது அதற்கு அடுத்தபடிதான்.

ஐரோப்பியச் சுற்றுலா போகும் தமிழர்கள் ஜெனீவாவிலிருந்து ஒரு நாள் பேருந்தில் இங்கே வந்து, ரோப் கார் ஏறிப் படமெடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். தேவாலயத்தை ஒட்டிய பழைய பாதிரியார் இல்லத்தில் சங்கத்தின் அலுவலகம் இருக்கிறது. அதையும் எட்டிப் பாருங்கள். பால்மா சிலையோடு படம் எடுத்த கையோடு, சற்றுத் தள்ளியிருக்கும் வைத்தியர் பக்காரையும் பார்த்துவிட்டு வாருங்கள்.