முழு அதிர்வுதாங்கி மலைச் சைக்கிள்: வாங்கினால் மட்டும் போதாது, உடல் எடைக்குச் சரிசெய்ய வேண்டும்

கூலாய் – கூலாயைச் சுற்றியுள்ள தோட்டங்கள் ரப்பர் தோட்டங்களாக இருந்த காலத்தில், பால்மரம் வெட்டியவர்கள் பால் வாளியைக் கட்டிக்கொண்டு கனத்த கறுப்புச் சைக்கிளில் செம்மண் பாதையில் போனார்கள். குழியில் இறங்கினால் அதிர்வு முழுவதும் முதுகில்தான் இறங்கும். இன்று செம்பனையாக மாறிவிட்ட அதே மண்ணில், அவர்களின் பேரப்பிள்ளைகள் முன்னும் பின்னும் அதிர்வுதாங்கி பொருத்திய மலைச் சைக்கிள் வாங்க ஆசைப்படுகிறார்கள்.

நல்ல நிறுவனத்தின் சைக்கிள் என்றால் பல ஆயிரம் ரிங்கிட் ஆகும். தவணையில் வாங்குவோரும் உண்டு. ஆனால், வாங்கிய நாளில் கடையில் இருந்த காற்றழுத்தத்திலேயே பல மாதங்கள் ஓட்டிவிட்டு, “இவ்வளவு பணம் போட்டும் பழைய சைக்கிள் போலத்தான் இருக்கிறது” என்று சலித்துக்கொள்வோர் பலர். குறை பெரும்பாலும் சைக்கிளில் இருப்பதில்லை. ஓட்டுபவரின் எடைக்கு ஏற்ப அதைச் சரிசெய்யாததே காரணம்.

முதலில், இது தேவையா?

மலைச் சைக்கிளில் இரண்டு வகை உண்டு. முன் போர்க்கில் மட்டும் அதிர்வுதாங்கி இருப்பது ஹார்ட்டெயில். பின் சக்கரத்திற்கும் தனியாக ஷாக் பொருத்தப்பட்டிருந்தால் அது முழு அதிர்வுதாங்கி சைக்கிள். 1989இல் ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் ஆர்.எஸ்-1 முன் போர்க் சந்தைக்கு வந்த பிறகே மலைச் சைக்கிளில் அதிர்வுதாங்கி பரவலானது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிளோட்டம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது.

கூலாய்க்குத் தென்மேற்கே உள்ள குனோங் பூலாய் 654 மீட்டர் உயரம். அதன் உச்சிக்குப் போகும் தார்ச்சாலைக்கோ, சமமான தோட்டச் சாலைக்கோ ஹார்ட்டெயிலே போதும். எடையும் குறைவு, பராமரிப்புச் செலவும் குறைவு. வேரும் கல்லும் நிறைந்த ஒற்றையடிப் பாதையில் அடிக்கடி ஓட்டுவோருக்கே பின் ஷாக் உண்மையில் பயன்படும். கோலாலம்பூர் புக்கிட் கியாரா, சிங்கப்பூர் புலாவ் உபினில் உள்ள கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்கா போன்ற இடங்களுக்குப் போக நினைப்போரும் இதில் அடங்குவர்.

பேரங்காடியில் சில நூறு ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் முழு அதிர்வுதாங்கி சைக்கிளைத் தவிர்ப்பது நல்லது. அதில் சுருள்கம்பி மட்டுமே இருக்கும். துள்ளலைக் கட்டுப்படுத்தும் எண்ணெய் அமைப்பு பெரும்பாலும் இருக்காது. எடையும் கூடுதல். அதே பணத்திற்கு ஒரு நல்ல ஹார்ட்டெயில் நீண்ட நாள் உழைக்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

அதிர்வுதாங்கி எவ்வளவு தூரம் அமுங்கும் என்பதே முதல் கணக்கு. நெடுந்தூரப் பந்தய வகைக்கு 100 முதல் 120 மில்லிமீட்டர், பொதுவான காட்டுப்பாதை வகைக்கு 120 முதல் 150 மில்லிமீட்டர் இருக்கும். செங்குத்தான இறக்கத்தில் மட்டும் ஓட்டும் பந்தய வகை ஏறக்குறைய 200 மில்லிமீட்டரைத் தொடும். அதிகமாக இருந்தால் நல்லது என்று எண்ணக்கூடாது. தேவைக்கு மேல் வாங்கினால் மேட்டில் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கூடுதல் எடையைச் சுமக்க நேரிடும். நம் வட்டாரத்திற்கு 120 முதல் 140 மில்லிமீட்டர் தாராளம்.

அளவை உயரத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், ஏறி நின்றும் உட்கார்ந்தும் பார்க்க வேண்டும். ஒரே நிறுவனத்தின் 'எம்' அளவுகூட மாடலுக்கு மாடல் வேறுபடும்.

பழைய சைக்கிள் வாங்குவோர் நான்கு இடங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சட்டத்தின் பற்றவைப்பு இணைப்புகளில் விரிசல் உள்ளதா? போர்க்கின் பளபளப்பான குழாயில் நகம் சிக்கும் அளவுக்குக் கீறல் உள்ளதா? பின் ஷாக்கைச் சுற்றி எண்ணெய் கசிகிறதா? இருக்கையைப் பிடித்து மேலே தூக்கும்போது பின்பகுதி 'டக் டக்' என்று ஆடுகிறதா? ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது புஷ் தேய்ந்துள்ளது என்று பொருள். அந்தச் செலவைக் கணக்கிட்டே விலை பேச வேண்டும். சட்டத்திற்கான உத்தரவாதம் பல நிறுவனங்களில் முதல் உரிமையாளருக்கு மட்டுமே செல்லும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

எடைக்கு ஏற்ற அமுங்கல்

ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்ததும் அதிர்வுதாங்கி சிறிது அமுங்க வேண்டும். கடைக்காரர்கள் இதை 'சேக்' என்பார்கள். இந்த அமுங்கல் இருந்தால்தான் சக்கரம் குழிக்குள் இறங்கும்போதும் மண்ணை விடாமல் பிடிக்கும். முன் போர்க்கிற்கு 20 விழுக்காடு, பின் ஷாக்கிற்கு 25 முதல் 30 விழுக்காடு என்பது நல்ல தொடக்கம்.

இதற்குச் சாதாரண சைக்கிள் பம்ப் உதவாது. அதிக அழுத்தத்தைச் சிறுகச் சிறுக ஏற்றும் ஷாக் பம்ப் தனியாக வேண்டும். செய்முறை இதுதான்:

1. ஓட்டும்போது அணியும் தலைக்கவசம், காலணி, தண்ணீர்ப் பை எல்லாவற்றையும் அணிந்துகொள்ள வேண்டும். பூட்டு விசை இருந்தால் திறந்துவிட வேண்டும்.

2. நிறுவனத்தின் அட்டவணையில் தம் எடைக்குக் காட்டியுள்ள அழுத்தத்தை ஏற்றி, அதிர்வுதாங்கியை நான்கைந்து முறை அமுக்கிவிட வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் இரு காற்றறைகளும் சமநிலைக்கு வரும்.

3. சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி, ஓட்டும் நிலையில் அசையாமல் இருக்க வேண்டும். ஒருவர் உதவிக்கு இருந்து, குழாயில் உள்ள ரப்பர் வளையத்தை அடிவரை தள்ளிவிட வேண்டும். பிறகு குதிக்காமல் மெதுவாக இறங்க வேண்டும்.

4. வளையம் நகர்ந்த தூரத்தை அளக்க வேண்டும். பின் ஷாக்கின் தண்டு மொத்தம் 50 மில்லிமீட்டர் நகரக்கூடியது என்றால், 30 விழுக்காடு என்பது 15 மில்லிமீட்டர். 130 மில்லிமீட்டர் முன் போர்க்கில் 20 விழுக்காடு என்பது 26 மில்லிமீட்டர். குறைவாக அமுங்கினால் காற்றைக் குறைக்கவும், அதிகமாக அமுங்கினால் கூட்டவும் வேண்டும்.

பம்பைக் கழற்றும்போது வரும் 'புஸ்' சத்தத்தைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் பம்பின் குழாயில் தங்கிய காற்றே தவிர, ஷாக்கிலிருந்து போவது அல்ல.

துள்ளலும் டயரும்

அமுங்கிய ஷாக் எவ்வளவு வேகமாக மேலே திரும்ப வேண்டும் என்பதை முடிவு செய்வது 'ரிபவுண்ட்' திருகு. இது பெரும்பாலும் சிவப்பு நிறத்தில் இருக்கும். முதலில் நடுவில் வைத்து, உட்கார்ந்தபடியே நடைபாதை விளிம்பிலிருந்து இறங்கிப் பார்க்கலாம். சைக்கிள் ஒருமுறை எழும்பி அடங்கினால் சரி. இரண்டு, மூன்று முறை ஆடினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். அடுத்தடுத்த வேர்களில் ஏறும்போது ஷாக் மேலே வராமல் அமுங்கியே கிடந்தால் வேகத்தைக் கூட்ட வேண்டும். எடை அதிகமுள்ளவர் கூடுதல் காற்று வைத்திருப்பார் என்பதால், அவருக்கு மெதுவான அமைப்பே ஒத்துவரும்.

செம்பனைத் தோட்டத்தில் வெட்டிப்போட்ட மட்டைகளின் முள் டியூப்பைச் சுலபமாகக் குத்திவிடும். எனவே, உள்ளே அடைப்புத் திரவம் ஊற்றிய டியூப்லெஸ் டயர் இங்கு நல்ல தேர்வு. நம் வெப்பத்தில் அந்தத் திரவம் விரைவில் காய்ந்துவிடும். இரண்டு, மூன்று மாதத்திற்கு ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. 2.3 அங்குல டயருக்கு 22 முதல் 28 பி.எஸ்.ஐ. வரை எடைக்கேற்ப வைக்கலாம். பின் டயரில் இரண்டு, மூன்று பி.எஸ்.ஐ. கூடுதலாக இருக்கட்டும்.

ஓட்டிய பிறகு

முதல் ஓட்டம் முடிந்ததும் ரப்பர் வளையத்தைப் பார்க்க வேண்டும். பாதையின் மிகக் கடினமான ஓர் இடத்தில் மட்டும் அது கடைசி வரை போயிருந்தால் அளவு சரி. சிறு குழியிலேயே அடிவரை போய் இடித்தால் காற்றைக் கூட்ட வேண்டும். பாதி தூரம்கூட எட்டவில்லை என்றால், காசு கொடுத்து வாங்கிய அதிர்வுதாங்கியில் பாதி வேலையே செய்யவில்லை.

நவம்பர் முதல் மார்ச் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் செம்மண் சேறு போர்க்கின் சீல்களில் ஒட்டும். அழுத்தமான நீரைப் பீய்ச்சிக் கழுவினால் சேறு உள்ளே போய்விடும். வாளி நீரும் துணியும் போதும். போர்க்கின் கீழ்ப்பகுதி எண்ணெயை ஏறக்குறைய 50 மணி நேர ஓட்டத்திற்கு ஒருமுறை மாற்றும்படி சில நிறுவனங்கள் கூறுகின்றன. பின்பகுதி மூட்டுகளின் திருகாணிகளை, நிறுவனம் குறித்துள்ள நியூட்டன் மீட்டர் அளவில்தான் இறுக்க வேண்டும். அளவு தெரியாமல் முறுக்கினால் சட்டமே விரிசல் விடக்கூடும்.

தோட்டங்கள் தனியார் நிலம் என்பதால், நிர்வாகத்தின் அனுமதி பெற்றே உள்ளே ஓட்ட வேண்டும். குனோங் பூலாய் போன்ற வனப்பகுதிக்குப் போகும் முன் வனத்துறையிடம் நுழைவு நிலவரத்தைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

சரியாக அமைந்த காற்றழுத்தம், ரிபவுண்ட் எண்ணிக்கை, டயர் அளவு ஆகிய மூன்றையும் கைப்பேசியில் குறித்து வைத்துக்கொள்ளலாம். காற்று மெல்ல இறங்கும் தன்மையுடையது என்பதால், மாதம் ஒருமுறை பம்பை வைத்துப் பார்த்து அந்த அளவுக்கே கொண்டுவந்துவிடலாம். அதற்குப் பத்து நிமிடம் போதும்.