ஜன்னல் யாருக்குச் சொந்தம்?

விண்டோஸ் கணினியின் திரையில் திறக்கும் ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஓர் எண் உண்டு. நிரலாளர்கள் அதை ஹேண்டில் என்பார்கள். ஜன்னலுக்குள் இருக்கும் பொத்தானுக்கும் எழுத்துப்பெட்டிக்கும்கூடத் தனித்தனி எண் இருக்கும். விண்டோஸின் கண்ணுக்கு அவையும் குட்டி ஜன்னல்கள்தான். நீங்கள் ஒரு பொத்தானை அழுத்தும்போது நடப்பது ஒருவகைத் தபால் போக்குவரத்து. ‘இன்ன எண்ணுள்ள ஜன்னலுக்கு இன்ன செய்தி’ என்று இயங்குதளம் ஒரு சீட்டு எழுதிப் போடுகிறது. ஜன்னலுக்குப் பின்னாலிருக்கும் நிரல், வரிசையில் விழுந்த சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்து வேலை செய்கிறது. 1985 நவம்பரில் விண்டோஸ் 1.0 வந்த நாளிலிருந்து அடிப்படை ஏற்பாடு இதுதான்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. அந்தச் சீட்டில் அனுப்புநர் பெயர் கிடையாது. மூட வேண்டும் என்ற செய்தி வந்தால் ஜன்னல் மூடிக்கொள்ளும். நீங்கள் மூடச் சொன்னீர்களா, பக்கத்தில் ஓடும் வேறொரு நிரல் சொன்னதா என்று அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று வடிவமைத்தவர்களும் நினைக்கவில்லை. ஒரு கணினி, ஒரு ஆள், அவர் மேசை. அவர் ஓடவிட்ட நிரல்களுக்குள் என்ன சந்தேகம்?

இந்தத் தாராள மனசின் மேல்தான் ஒரு முழு மொழிக்குடும்பமே வளர்ந்தது. அடுத்த நிரலின் ஜன்னலைத் திறக்கவும், நகர்த்தவும், அதில் தட்டச்சு செய்யவும், மூடவும் கட்டளையிடும் சிறுமொழிகள். கணினி வரலாற்றில் இவற்றுக்குப் பெரிய இடம் கிடையாது. எனக்கோ, கணினியை யார் ஆள்வது என்ற கேள்வி இங்கேதான் நேராக வந்து நிற்கிறது என்று படுகிறது.

தொண்ணூறுகளின் கடைசியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பெரிய அலுவலகங்களில் ஆயிரக்கணக்கான கணினிகள். ஒவ்வொன்றிலும் ஒரு மென்பொருளை நிறுவ வேண்டும். நிறுவியோ ‘நெக்ஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’, ‘ஃபினிஷ்’ என்று மனித விரலுக்காகவே காத்திருக்கும். இந்த வேலையைத் தானாகச் செய்ய ஜோனதன் பென்னட் 1999இல் வெளியிட்ட கருவிதான் ஆட்டோஇட்.

அதற்கு முன்பும் முயற்சிகள் இருந்தன. விண்டோஸ் 3.0, 3.1 இரண்டிலும் ரெக்கார்டர் என்றொரு நிரல் கூடவே வந்தது. நீங்கள் தட்டுவதையும் சொடுக்குவதையும் பதிவு செய்து, திரும்ப அப்படியே செய்து காட்டும். ஆனால் அதற்குக் கண் இல்லை. பொத்தான் இடம் மாறியிருந்தால் சொடுக்கு வெற்றிடத்தில் விழும். விண்டோஸ் 95இல் அது காணாமல் போனது.

ஆட்டோஇட் போன்ற மொழிகள் கண்ணைத் திறந்துகொண்டு வேலை செய்தன. இவற்றின் உயிர்நாடி ‘வின்வெயிட்’ என்ற கட்டளை. இன்ன தலைப்புள்ள ஜன்னல் வரும்வரை காத்திரு என்று பொருள். வந்ததும் ‘வின்ஆக்டிவேட்’, முன்னால் கொண்டு வா. ‘சென்ட்’, இந்த விசைகளைத் தட்டு. அப்புறம் மறுபடி காத்திரு. எந்த ஜன்னல், அதில் எந்தப் பொத்தான் என்று கண்டுபிடிக்க ஓர் உளவுக் கருவியும் உண்டு. மவுஸை எதன்மேல் வைத்தாலும் அதன் தலைப்பு, வகை, உள்ளே இருக்கும் உறுப்பின் பெயர் எல்லாவற்றையும் சொல்லிவிடும். பழைய நோட்பேடின் எழுதும் பரப்புக்கு ‘எடிட்1’ என்று பெயர். அந்தப் பெயர் தெரிந்தால் போதும், நோட்பேட் பின்னால் மறைந்திருந்தாலும் அதற்குள் எழுதலாம்.

2003இல் கிறிஸ் மாலெட் என்பவர், ஆட்டோஇட்டில் குறுக்குவிசைகளுக்கு வசதி சேர்க்கலாம் என்று யோசனை சொன்னார். அது எடுபடவில்லை. சரி, நானே செய்துகொள்கிறேன் என்று அவர் தொடங்கியதுதான் ஆட்டோஹாட்கீ. அந்த நவம்பரில் முதல் வடிவம் வெளியானது. வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஆட்டோஇட் பிறந்தது ஆயிரம் கணினிகளை மேய்க்கும் நிர்வாகிக்காக. ஆட்டோஹாட்கீ ஒரு மேசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்காக. ஒரு விசையைத் தட்டினால் நான் நினைத்த ஜன்னல் முன்னால் வரட்டும், இந்த இரண்டெழுத்தை அடித்தால் என் முகவரி முழுதும் விழட்டும் என்பது மாதிரியான சொந்த ஆசைகள் அதில் நிரல்களாயின.

இதே ஆசைக்கு ஆப்பிள் வேறொரு பாதை போட்டிருந்தது. 1993இல் வந்த ஆப்பிள்ஸ்கிரிப்ட் ஜன்னலைத் தொடுவதில்லை, நிரலோடு பேசுகிறது. எனக்கு என்னென்ன சொல் புரியும், என்னென்ன செய்வேன் என்று ஒவ்வொரு நிரலும் ஓர் அகராதி வைத்திருக்கும். அந்தச் சொற்களில் கேட்டால் செய்து தரும். வாக்கியங்கள் ஏறக்குறைய ஆங்கிலம் மாதிரியே இருக்கும். தொடக்கத்தில் பிரெஞ்சு, ஜப்பானிய வடிவங்களும் இருந்தன, பின்னர் கைவிடப்பட்டன. அச்சு, பதிப்புத் துறைக்காரர்கள் பக்க வடிவமைப்பு வேலைகளை இதை நம்பித்தான் ஓட்டினார்கள்.

கதவைத் தட்டி, அனுமதி கேட்டு, உள்ளே போகும் முறை இது. ஆட்டோஇட்டும் ஆட்டோஹாட்கீயும் ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் தாழ்ப்பாளைத் திறக்கும் ஆசாமிகள். பொறியாளன் என்ற முறையில் என் மரியாதை ஆப்பிள்ஸ்கிரிப்டுக்குத்தான். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அகராதி எழுத வேண்டியவர் நிரலை உருவாக்கியவர். அவருக்கு மனசில்லை என்றால் கதவே இருக்காது, எங்கே போய்த் தட்டுவது? தானியக்கத்துக்கு ஆப்பிளுக்குள்ளேயே முகமாக இருந்தவர் சால் சகோயன். 1997 முதல் அங்கே இருந்த அவருடைய பதவி 2016இல் நீக்கப்பட்டது. அழைக்கும்வரைதான் விருந்தாளி.

ஜன்னல் வழிக்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை. மென்பொருள் எழுதிய நிறுவனம் மூடப்பட்டிருக்கலாம், மூலநிரல் தொலைந்திருக்கலாம். ஜன்னலும் பொத்தானும் தெரிந்தால் போதும்.

என் முதல் வேலையில் இதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். சென்னையில் ஒரு பிபிஓ. ஒரு ஜன்னலில் வரும் காப்பீட்டு விவரங்களைப் பார்த்து இன்னொரு ஜன்னலில் ஏற்ற வேண்டும். இரண்டு மென்பொருளும் ஒன்றோடொன்று பேசாது. நடுவில் மனிதர்கள்தான் கம்பி. எங்களில் மூத்தவரான ஓர் அக்கா, மணிக்கட்டு வலி தாங்காமல் ஆட்டோஹாட்கீயில் இருபது வரி எழுதி வைத்திருந்தார். ஒரு விசை, ஒரு பதிவு முடிந்தது. நான் பார்த்துவிட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “தம்பி, யார்கிட்டயும் சொல்லிடாத. தெரிஞ்சா டார்கெட்டை ஏத்திடுவாங்க” என்றார். அவர் மிச்சம் பிடித்த நேரத்தில் ஒழுங்காக மதியச் சாப்பாடு சாப்பிட்டார். அவ்வளவுதான் அவர் கண்ட லாபம்.

இதே வேலையைப் பின்னர் ஆர்பிஏ என்ற பெயரில் நிறுவனங்களே வாங்கத் தொடங்கின. புகாரெஸ்டில் 2005இல் தொடங்கிய யூஐபாத், 2021 ஏப்ரலில் நியூயார்க் பங்குச்சந்தைக்குப் போனது. உள்ளே பல நவீன வசதிகள் இருக்கின்றன. ஆனால் அடிப்படைத் தந்திரம் அக்காவுடையதுதான்: ஜன்னலைக் கண்டுபிடி, காத்திரு, தட்டு. அதே தந்திரம் கீழேயிருந்து வந்தால் ஒருவருக்குச் சாப்பாட்டு நேரம், மேலேயிருந்து வந்தால் ஆள்குறைப்பு. கருவியை மட்டும் பார்த்து நல்லதா கெட்டதா என்று என்னால் சொல்ல முடிவதில்லை.

அனுப்புநர் பெயரில்லாத சீட்டுக்கு வருவோம். ஒரே கணினியில் அதிகாரம் குறைந்த நிரல்களும் கூடிய நிரல்களும் சேர்ந்து வாழத் தொடங்கியதும், தாராள மனசு ஓட்டையானது. 2002 ஆகஸ்டில் கிறிஸ் பேஜெட் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் ‘ஷாட்டர்’ தாக்குதலை வெளியிட்டார். சாதாரண நிரல் ஒன்று, உயர் அதிகாரத்தில் ஓடும் நிரலின் ஜன்னலுக்குச் சில செய்திகள் அனுப்பியே அதன் அதிகாரத்தைக் கைப்பற்ற முடியும் என்று காட்டினார். உயர் அதிகார நிரல் திரையில் ஜன்னல் வைத்ததுதான் தப்பு, விண்டோஸின் வடிவமைப்பு தப்பில்லை என்பது முதலில் மைக்ரோசாஃப்டின் வாதம். டிசம்பரில், பேஜெட் பயன்படுத்திய செய்திக்கு ஒரு திருத்தம் வந்தது. 2007 ஜனவரியில் கடைகளுக்கு வந்த விஸ்டாவில் சுவரே எழும்பியது. தாழ்ந்த நிலையிலுள்ள நிரல் உயர்ந்த நிலை ஜன்னலுக்கு அத்தகைய செய்திகளை அனுப்ப முடியாது.

அதற்கு முன்பே, விண்டோஸ் 98, 2000 காலத்தில், ஒரு நிரல் தன்னிஷ்டத்துக்கு ஒரு ஜன்னலை முன்னால் தள்ளுவதும் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. நீங்கள் கடவுச்சொல் அடித்துக்கொண்டிருக்கும்போது வேறொன்று குறுக்கே விழக்கூடாது அல்லவா. ஆட்டோஹாட்கீயின் வின்ஆக்டிவேட் இதை எப்படிச் சமாளிக்கிறது தெரியுமா? 60 மில்லிவினாடிக்குள் ஆறு முறை முயன்று பார்க்கும் என்று அதன் கையேட்டிலேயே எழுதியிருந்தார்கள். வாசலில் நின்று விடாமல் மணியடிக்கும் உறவினர் மாதிரி.

காவல் போட்டவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. தீநிரல் எழுதுபவர்கள் ஆட்டோஇட்டை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். அதனால் இன்று ஒரு அப்பாவி ஸ்கிரிப்டைக்கூட வைரஸ் தடுப்பான்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கின்றன. மேக்கிலும் 2018இன் மொஹாவி முதல், ஒரு நிரல் இன்னொன்றுக்குக் கட்டளையிட வேண்டுமென்றால் பயனரிடம் ஒப்புதல் கேட்கிறார்கள். லினக்ஸில் எக்ஸ்11 இருந்தவரை எந்த நிரலும் எந்த ஜன்னலையும் தொடலாம். வேலாண்டில் அது வடிவமைப்பிலேயே தடுக்கப்பட்டது.

அப்படியானால் எல்லாவற்றையும் ஏன் முழுதாக அடைத்துவிடவில்லை? இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கான பதில்தான். பார்வையற்றவர்கள். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான், இயல்பிலேயே அடுத்த நிரலின் ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்கும் நிரல். அதற்காக மைக்ரோசாஃப்ட் 1997இல் ஆக்டிவ் ஆக்சஸிபிலிட்டி என்றொரு வழியைத் திறந்தது, விஸ்டா காலத்தில் அதன் இடத்துக்கு யூஐ ஆட்டோமேஷன் வந்தது. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிய என்விடிஏ, இன்று உலகெங்கும் இலவசமாகக் கிடைக்கும் திரைவாசிப்பான், இந்த வழிகளில்தான் நடக்கிறது. விஸ்டாவின் சுவரிலும் இவர்களுக்காகவே ஒரு திட்டிவாசல் வைத்தார்கள். நிரல் கையொப்பமிடப்பட்டிருக்க வேண்டும், பாதுகாப்பான கோப்புறையில் நிறுவப்பட்டிருக்க வேண்டும், தனக்கு இந்த உரிமை வேண்டும் என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். ஆட்டோஹாட்கீயும் அதே திட்டிவாசல் வழியாக நுழையக் கற்றுக்கொண்டது.

இப்போது பல செயலிகள் பொத்தான்களைத் தாங்களே வரைந்துகொள்கின்றன. உளவுக் கருவியை மேலே வைத்தால் மொத்த ஜன்னலும் ஒரே வெற்றுப் பலகையாகத் தெரிகிறது. ‘எடிட்1’ எங்கும் இல்லை. இந்த இடங்களில் ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் யூஐ ஆட்டோமேஷனைத்தான் நாடுகிறார்கள். திரைவாசிப்பானுக்காகப் பெயரிடப்பட்ட பொத்தான்தான் அவர்களுக்கும் அகப்படுகிறது. பெயரிடாமல் விட்டால் இருவருக்குமே இருட்டு.

ஆகவே என் வேலையில் ஒரு பழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறேன். நான் கட்டும் ஒவ்வொரு திரையையும் மவுஸைத் தொடாமல், திரைவாசிப்பானை ஓடவிட்டு ஒருமுறை சோதிப்பேன். ஒவ்வொரு பொத்தானுக்கும் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பேன். ‘இதை எத்தனை பேர் யூஸ் பண்ணப்போறாங்க?’ என்று கூட்டங்களில் கேட்பார்கள். பார்வையற்ற ஒருவர் பயன்படுத்துவார். மணிக்கட்டு வலிக்கும் யாரோ ஒருவர், மேலாளருக்குத் தெரியாமல் இருபது வரி எழுதுவார். அந்த இருவருக்கும் திறக்காத ஜன்னல் கணினியின் உரிமையாளருக்குச் சொந்தமில்லை, அதைச் செய்து விற்றவருக்குத்தான் சொந்தம்.