மேகாங் நதிப் பாறைகள்: கப்பல் வழியும் எல்லைக் கோடும்

2020ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் தேதி கூடிய தாய்லாந்து அமைச்சரவை, மேகாங் நதியின் பாறைகளை வெடிவைத்துத் தகர்த்துப் பெரிய சரக்குக் கப்பல்களுக்கு வழி ஏற்படுத்தும் திட்டத்தைக் கைவிட முடிவு செய்தது. சீனா, மியன்மார், லாவோஸ், தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளின் அரசுகள் இருபது ஆண்டுகளாகப் பேசி வந்த திட்டம் அது. ஆற்றின் மேற்பகுதியில் அதன் முதற்கட்டப் பணிகள் பெருமளவு நிறைவேறியிருந்தன. ஆனால் தாய்லாந்துக்கும் லாவோஸுக்கும் எல்லையாக ஆறு ஓடும் இடத்தில் திட்டம் நின்றுபோனது.

அது நின்றதற்கான காரணங்களில் சுற்றுச்சூழலும் ஒன்று. எனினும் அதற்கு முன்னரே எழுந்த வேறொரு கேள்வியும் இருந்தது. ஆற்றின் அடியிலுள்ள பாறையை அகற்றினால் நாட்டின் எல்லை நகர்ந்துவிடுமா என்பதே அக்கேள்வி.

பிரெஞ்சுக்காரர்களின் தேடல்

திபெத்தியப் பீடபூமியில் தோன்றி, ஆறு நாடுகளின் வழியாக 4,000 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவு ஓடும் மேகாங், வியட்நாமில் தென் சீனக் கடலில் கலக்கிறது. சீனாவில் அதன் பெயர் லான்சாங்.

தெற்கு வியட்நாமைக் கைப்பற்றிய பிரெஞ்சுக்காரர்கள், இந்த ஆற்றைச் சீனாவுக்குச் செல்லும் வணிகப் பாதையாகக் கண்டார்கள். அதை ஆராய 1866ஆம் ஆண்டு சைகோனிலிருந்து ஒரு குழு புறப்பட்டது. கடற்படை அதிகாரி எர்னஸ்ட் துடார் த லக்ரே தலைமையேற்றார். பிரான்சிஸ் கார்னியே அவருக்குத் துணையாகச் சென்றார். கம்போடியாவில் சாம்போர் என்ற இடத்துக்கு அருகே பாறைகளுக்கிடையே பாய்ந்தோடும் நீரும், லாவோஸின் தென்கோடியில் கோன் நீர்வீழ்ச்சியும் அவர்களை எதிர்கொண்டன. நீராவிக் கப்பல் தொடர்ந்து செல்லக்கூடிய ஆறு அல்ல இது என்பது தெளிவாயிற்று. 1868ஆம் ஆண்டு சீனாவின் யுனான் மாகாணத்தில் துடார் த லக்ரே நோயுற்று இறந்தார்.

ஆயினும் பிரெஞ்சு நிர்வாகம் முயற்சியைக் கைவிடவில்லை. கோன் நீர்வீழ்ச்சியைச் சுற்றிச் செல்ல, 1890களில் ஆற்றுத் தீவு ஒன்றில் தண்டவாளம் அமைத்துப் படகுகளைத் தரைவழியே இழுத்துச் சென்றது. அவ்வாறு மேலே கொண்டு செல்லப்பட்ட பீரங்கிப் படகுகளில் ஒன்றான லக்ராந்தியேர், 1910ஆம் ஆண்டு லாவோஸில் பாறைகள் நிறைந்த பகுதியில் மூழ்கியது. அதில் பயணம் செய்த ஜெனரல் த பெய்லியே உயிரிழந்தார்.

நான்கு நாடுகளின் ஒப்பந்தம்

இந்தோசீனப் போர்களும் பனிப்போரும் முடிந்த பின்னர் ஆற்றுவழி வணிகம் குறித்த பேச்சு மீண்டும் எழுந்தது. இம்முறை முனைப்புக் காட்டிய நாடு சீனா. கடற்கரை இல்லாத யுனான் மாகாணத்தின் சரக்குகளைத் தென்கிழக்கு ஆசியாவுக்கு அனுப்ப அதற்கு ஒரு வழி தேவைப்பட்டது.

2000ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மியன்மாரின் தாச்சிலேக் நகரில் நான்கு நாடுகளும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சீனாவின் சிமாவோ துறைமுகத்திலிருந்து லாவோஸின் லுவாங் பிரபாங் வரையிலான 886 கிலோமீட்டர் ஆற்றுவழியில் நான்கு நாடுகளின் வணிகக் கப்பல்களும் சென்றுவர அது வகைசெய்தது.

இதையொட்டி வகுக்கப்பட்ட சீரமைப்புத் திட்டம் மூன்று கட்டங்களைக் கொண்டது. முதற்கட்டத்தில் 100 முதல் 150 டன் வரையிலான கப்பல்களும், இரண்டாம் கட்டத்தில் 300 டன் கப்பல்களும், மூன்றாம் கட்டத்தில் 500 டன் கப்பல்களும் ஆண்டின் பெரும்பகுதி நாட்களில் செல்ல வேண்டும் என்பது இலக்கு. முதற்கட்டத்துக்காக, சீன - மியன்மார் எல்லையிலிருந்து லாவோஸின் ஹுவே சாய் வரை 331 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆறு அளக்கப்பட்டது. பாய்ந்தோடும் நீர்ப்பகுதிகள் பதினொன்றும், சிதறிக் கிடந்த பாறைத்திட்டுகள் பத்தும் 'தடைகள்' எனக் குறிக்கப்பட்டன. பணிக்கான செலவைச் சீனா ஏற்றது.

2001ஆம் ஆண்டு வெளியான சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கையை, மேகாங் நதி ஆணையத்தின் வேண்டுகோளின்படி ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரிசீலித்தனர். மீன்வளம் குறித்தும் கரையோர மக்களின் வாழ்வாதாரம் குறித்தும் போதிய ஆய்வு செய்யப்படவில்லை என்று அவர்கள் கடுமையாகக் குறைகூறினர். இருந்தபோதிலும் பாறைகளைத் தகர்க்கும் பணி தொடங்கியது.

நகரும் எல்லை

எஞ்சி நின்ற முக்கிய இடம், வட தாய்லாந்தின் சியாங் ராய் மாகாணத்தில், சியாங் கோங் அருகேயுள்ள கோன் பீ லுவாங். அங்கு பணி நடைபெறவிருந்த நிலையில், தாய்லாந்தின் பாதுகாப்புத் துறை ஆட்சேபம் எழுப்பியது. எல்லைப் பிரச்சினை தீரும் வரை பணியை நிறுத்திவைக்க 2003ஆம் ஆண்டு தாய்லாந்து தீர்மானித்தது.

இந்த ஆட்சேபத்தின் வேர் காலனி ஆட்சிக் காலத்தில் இருக்கிறது. 1893ஆம் ஆண்டு சயாம், மேகாங்கின் இடது கரையைப் பிரான்சுக்கு விட்டுக்கொடுத்தது. 1926ஆம் ஆண்டு இரு தரப்பும் செய்துகொண்ட உடன்படிக்கை, ஆற்றின் மிக ஆழமான நீரோட்டப் பாதையே எல்லை என வகுத்தது. தீவுகளால் ஆறு பல கிளைகளாகப் பிரியும் இடங்களில், சயாம் கரையை ஒட்டிய கிளையின் ஆழமான பாதை எல்லையாகக் கொள்ளப்பட்டது.

எல்லையைத் தீர்மானிப்பது ஆழம் என்றால், ஆழத்தை மாற்றும் எந்தப் பணியும் எல்லையைத் தொடும் பணியாகிவிடுகிறது. பாறையைத் தகர்த்தால் நீரோட்டம் திசை மாறலாம். ஒரு கரை அரிக்கப்பட்டு மறுகரையில் மணல் சேரலாம். தாய்லாந்துக்கும் லாவோஸுக்கும் இடையே ஆற்றெல்லை முழுமையாக வரையறுக்கப்படாதிருந்த அக்காலத்தில், இது இறைமை சார்ந்த கேள்வியாகவே பார்க்கப்பட்டது.

தடையா, வாழிடமா?

கரையோர மக்களின் எதிர்ப்பு வேறு காரணங்களைக் கொண்டது. கோடையில் நீர் வடியும்போது வெளியே தெரியும் பாறைகளும், அவற்றினிடையே உள்ள ஆழமான மடுக்களும் மீன்கள் தங்கி இனப்பெருக்கம் செய்யும் இடங்கள். பாறைகளில் படரும் ஒருவகை ஆற்றுப்பாசியை அப்பகுதிப் பெண்கள் சேகரித்து, உணவாகப் பயன்படுத்துவதுடன் விற்பனையும் செய்கின்றனர். 2005ஆம் ஆண்டு சியாங் கோங்கில் பிடிபட்ட மேகாங் ராட்சதக் கெளுத்தி ஒன்று 293 கிலோ எடையும் 2.7 மீட்டர் நீளமும் கொண்டிருந்தது. இன்று இந்த இனம் அழிவின் விளிம்பில் உள்ளது.

அளவாய்வாளர்களின் வரைபடத்தில் 'தடை' என்று குறிக்கப்பட்ட அதே பாறை, மீனவருக்கு மீன்பிடி இடமாக இருந்தது. இரண்டுமே உண்மை. ஆனால் முதற்கட்ட அளவாய்வு, கப்பலுக்கு எவ்வளவு ஆழம் வேண்டும் என்ற கேள்விக்கு விடை தேடிய அளவுக்கு, மீனுக்கு என்ன வேண்டும் என்ற கேள்விக்குத் தேடவில்லை என்பதே விமர்சகர்களின் வாதம்.

2016ஆம் ஆண்டு டிசம்பரில், ஆற்றுவழி மேம்பாட்டுக்கான புதிய திட்டத்துக்குத் தாய்லாந்து அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் அளித்தது. 500 டன் கப்பல்கள் செல்ல வேண்டும் என்பது அதன் நோக்கம். 2017ஆம் ஆண்டு சீன நிறுவனம் ஒன்றின் அளவாய்வுக் கப்பல்கள் தாய்லாந்து - லாவோஸ் எல்லைப் பகுதிக்கு வந்தபோது, மீனவர்கள் படகுகளில் பதாகைகளுடன் சென்று எதிர்ப்புத் தெரிவித்தனர். இந்த இயக்கத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான முன்னாள் ஆசிரியர் நிவத் ராய்கேவுக்கு 2022ஆம் ஆண்டு கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது வழங்கப்பட்டது.

ஆற்றுவழியின் எதிர்காலம்

திட்டத்தின் ஆதரவாளர்கள் கூறும் வாதங்களையும் ஒதுக்கிவிட முடியாது. ஒரே அளவு சரக்கை லாரியில் அனுப்புவதைவிட ஆற்றுவழியே அனுப்புவதற்கு எரிபொருள் குறைவாகவே தேவைப்படும். பாறைகளில் மோதிப் படகுகள் விபத்துக்குள்ளாவதும் மெய்யே. ஆற்றின் கீழ்ப்பகுதியில், கம்போடியாவும் வியட்நாமும் 2009ஆம் ஆண்டு நீர்வழிப் போக்குவரத்து ஒப்பந்தம் செய்துகொண்டன. அங்கு வழிகாட்டும் மிதவைகள் அமைக்கப்பட்டுள்ளன. ஆறு அகன்றும் ஆழமாகவும் உள்ள அப்பகுதியில் இப்பணி இத்தகைய எதிர்ப்பைச் சந்திக்கவில்லை.

மேற்பகுதியில் நிலைமை மாறிவிட்டது. 2013ஆம் ஆண்டு சியாங் கோங்கையும் ஹுவே சாயையும் இணைக்கும் பாலம் திறக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் யுனானிலிருந்து லாவோஸ் தலைநகர் வியந்தியானுக்கு ரயில் சேவை தொடங்கியது. சரக்கு அனுப்ப ஆற்றைத் தவிர வேறு வழிகளும் இப்போது உள்ளன. மறுபுறம், ஆற்றின் குறுக்கே எழுந்துள்ள அணைகள் நீர்மட்டத்தையும் மீன்களின் இடப்பெயர்வையும் மாற்றிவருகின்றன. பாறைகளைக் காத்த கிராமங்கள் இப்போது அதுகுறித்துக் கவலை தெரிவிக்கின்றன.

பல நாடுகளின் வழியே ஓடும் ஆற்றில், அளவாய்வு என்பது வெறும் பொறியியல் பணி அல்ல என்பதை மேகாங்கின் அனுபவம் காட்டுகிறது. ஆழத்தை அளப்பவர்கள், அந்த ஆழத்தையே எல்லையாகக் கொண்ட அரசுகளிடமும், அதையே பிழைப்பாகக் கொண்ட மக்களிடமும் முதலில் பேசவேண்டியிருக்கிறது. அந்தப் பேச்சு கடைசிக்குத் தள்ளப்பட்டதால்தான், இருபது ஆண்டுத் திட்டம் ஒன்று சியாங் கோங்கின் பாறைகளில் தட்டி நின்றது.