சாணைக்கல்லிலிருந்து ஆங்கிள் கிரைண்டர் வரை

நம் ஊரில் "கிரைண்டர்" என்று பொதுவாகச் சொன்னால், இட்லிக்கு மாவு ஆட்டுவதுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அதையே ஒரு வெல்டிங் பட்டறையில் போய்ச் சொன்னால், "ஏஜி ஃபோரா, ஏஜி செவனா சார்?" என்று கேட்பார்கள். கேட், கிரில் செய்கிறவர், டைல்ஸ் ஒட்டுகிறவர், சுவரில் பைப் புதைக்கக் காடி எடுக்கும் எலக்ட்ரீஷியன், பஸ் பாடி கட்டுகிறவர், டிங்கரிங் கடைக்காரர், வார்ப்படத்தின் பிசிர் எடுக்கும் கோயம்புத்தூர் ஃபவுண்டரித் தொழிலாளி, சிலை செதுக்கும் மாமல்லபுரத்துச் சிற்பி என்று இத்தனை பேர் கையிலும் இருக்கிற ஒரே கருவி ஆங்கிள் கிரைண்டர்தான். ஆனால் நம் கல்லூரியில் நான்கு வருடம் படித்த எனக்கு எந்தப் பாடத்திலும் இதைப் பற்றி ஒரு பக்கம்கூட வந்ததில்லை. "மெக்கானிக்கல்காரங்க யாருமே மலருக்கு எழுதித் தர்றதில்லை" என்று மலர்க் குழுவினர் குறைபட்டுக்கொண்டதால், அந்த ஒரு பக்கத்தை இங்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

உராய்த்துத் தேய்ப்பது மனிதனின் மிகப் பழைய தொழில்களில் ஒன்று. சைக்கிளில் சாணைச் சக்கரத்தைப் பொருத்திக்கொண்டு "சாணை பிடிக்கிறதேய்..." என்று தெருவில் வருபவரைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. அந்தச் சாணைக்கு உயிர், அதில் இருக்கும் கடினமான துகள். வைரத்துக்கு அடுத்தபடி கடினமான இயற்கைக் கனிமங்களில் ஒன்று குருந்தம், அதாவது அலுமினியம் ஆக்சைடு. மோஸ் அளவுகோலில் வைரம் 10 என்றால் இது 9. சேலம், நாமக்கல், கரூர் பக்கத்து நிலங்களில் கிடைத்த கல் இது. இதன் ஆங்கிலப் பெயரான "கொரண்டம்" என்பதற்கு மூலம் நம் "குருந்தம்"தான் என்று ஆங்கில அகராதிகளே குறிப்பிடுகின்றன. 1798இல் சார்லஸ் கிரெவில் என்பவர் ஆசியாவிலிருந்து வந்த இந்தக் கல்லைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார்.

அந்தப் பெயர் அமெரிக்காவுக்குப் போன கதை இன்னும் சுவையானது. எடிசனிடம் வேலை பார்த்த எட்வர்ட் அச்சிசன் என்பவர், 1891இல் செயற்கை வைரம் செய்யும் ஆசையில், ஓர் இரும்புச் சட்டியில் களிமண்ணையும் கரித்தூளையும் போட்டு மின்சாரத்தால் சூடேற்றினார். வைரம் வரவில்லை. கண்ணாடியைக் கீறும் பளபளப்பான சில படிகங்கள் வந்தன. கார்பனும் கொரண்டமும் சேர்ந்த பொருள் என்று நினைத்து "கார்போரண்டம்" என்று பெயர் வைத்தார். பிறகு சோதித்துப் பார்த்தால் அது சிலிக்கான் கார்பைடு. குருந்தம் அதில் இல்லவே இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. முதலில் நகைக்கல் பட்டை தீட்டுவோருக்குக் காரட் கணக்கில் விற்றார்கள். 1895இல் நயாகரா நீர்வீழ்ச்சியின் மலிவான மின்சாரத்தை நம்பி அங்கே ஆலை வைத்த பிறகு டன் கணக்கில் வந்தது. சில ஆண்டுகளுக்குள் செயற்கை அலுமினியம் ஆக்சைடும் மின் உலையில் தயாராகத் தொடங்கியது.

இந்த இரண்டு துகளும்தான் இன்றைக்கும் நம் டிஸ்க்குகளில் இருக்கின்றன. டிஸ்க்கின் மேல் "ஏ" என்று தொடங்கினால் அலுமினியம் ஆக்சைடு, எஃகுக்கு. "சி" என்றால் சிலிக்கான் கார்பைடு, கல்லுக்கும் சிமெண்டுக்கும். சிலிக்கான் கார்பைடு அதிகக் கடினம்தானே, எஃகையும் அதிலேயே அறுத்தால் என்ன என்று மாணவத் தம்பிகள் கேட்கலாம். சூட்டில் அதிலுள்ள கார்பனை இரும்பு தின்றுவிடும். டிஸ்க் சீக்கிரம் மழுங்கி, காசுதான் கரியாகும்.

துகள் கிடைத்தால் போதாது, அதை ஒட்டிவைக்கப் பசை வேண்டும். பழைய சாணைச் சக்கரங்கள் பீங்கான் போலச் சுட்டு எடுத்தவை. நல்ல வடிவம் நிற்கும், ஆனால் அடி பட்டால் உடையும். விளிம்பு வேகம் விநாடிக்கு 33 மீட்டருக்கு மேல் போவது அவற்றுக்குப் பொதுவாக ஆபத்து. 1907இல் லியோ பேக்லண்ட் கண்டுபிடித்த பேக்லைட் வகைப் பிசின் வந்த பிறகு, துகளைப் பிசினில் குழைத்து அச்சிடும் முறை வளர்ந்தது. பின்னால் அதற்குள் கண்ணாடி இழை வலையையும் வைத்தார்கள். அதனால்தான் வேகம் விநாடிக்கு 80 மீட்டருக்கு உயர்ந்தது. மணிக்கு 288 கிலோமீட்டர்! மையவிலக்கு விசையால் வரும் தகைவு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதை நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருப்போம். 33க்கும் 80க்கும் கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஆறு மடங்கு வரும். அந்த ஆறு மடங்கைத் தாங்கி நிற்பது மூன்று மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத ஒரு தட்டு!

இனி மெஷினுக்கு வருவோம். கையில் பிடிக்கும் மின்சார டிரில்லை 1895இல் செய்தது ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரத்து ஃபைன் நிறுவனம். 1922இல் அதே நகரில் ஹெர்மன் அக்கர்மன், ஹெர்மன் ஷ்மிட் என்ற இரு ஹெர்மன்களும் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அவர்கள் செய்தது வளையும் தண்டு மூலம் ஓடும் கிரைண்டர். மோட்டார் ஓரிடத்தில் இருக்கும், வளையும் ஷாஃப்ட்டின் நுனியில் கல் சுற்றும். "ஃப்ளெக்ஸ்" என்ற பெயர் அதனால் வந்தது. 1935இல் மோட்டாரையும் கல்லையும் ஒரே உடம்பில் வைத்து, நடுவில் பெவல் கியர் போட்டுச் செங்குத்தாகத் திருப்பினார்கள். ஆங்கிள் என்பது அந்தத் தொண்ணூறு டிகிரிதான். 1954இல் அவர்களே டிஎல் 9 என்ற அதிவேக ஆங்கிள் கிரைண்டரைக் கொண்டுவந்தார்கள். இன்று நாம் பிடிக்கும் மெஷினுக்கு அதுதான் நேரடி மூதாதை. இன்றும் ஜெர்மானியர்கள் எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும் "ஃப்ளெக்ஸ்" என்றே சொல்கிறார்கள். நாம் நகலெடுப்பதற்கு ஜெராக்ஸ் என்று சொல்வதைப் போல.

அதே 1954இல் சென்னையிலும் ஒன்று நடந்தது. முருகப்பா குழுமமும், அச்சிசன் தொடங்கிய அமெரிக்கக் கார்போரண்டம் கம்பெனியும், இங்கிலாந்தின் யுனிவர்சல் கிரைண்டிங் வீல் கம்பெனியும் கூட்டாகக் கார்போரண்டம் யுனிவர்சலை ஆரம்பித்தன. திருவொற்றியூர் ஆலை அவர்களுடையது. நம் மண்ணிலிருந்து கிளம்பிய குருந்தம் என்ற சொல், கடல் கடந்து போய், வேறு ஒரு பொருளுக்குப் பெயராகி, கம்பெனிப் பலகையில் ஏறித் திருவொற்றியூருக்கே திரும்பி வந்தது எனக்கு இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

ஆங்கிள் கிரைண்டர் வருமுன் ஒரு ஆங்கிளை அறுக்க ஹேக்ஸாதான். வெல்டிங் புடைப்பை எடுக்க உளியும் அரமும். ஒரு ஜன்னல் கிரில்லுக்கு முனை தேய்ப்பதற்கே ஒரு ஹெல்பருக்கு அரை நாள் போகும். இப்போது அதே மெஷினில் கட்டிங் வீல் போட்டால் அறுக்கலாம், கிரைண்டிங் வீல் போட்டால் தேய்க்கலாம், ஃப்ளாப் டிஸ்க் போட்டால் வழவழப்பாக்கலாம், கம்பி பிரஷ் போட்டால் துருவும் பழைய பெயிண்டும் போகும், டைமண்ட் பிளேடு போட்டால் கிரானைட்டையும் வெட்டலாம். சிறு பட்டறை வைக்க ஒரு வெல்டிங் செட்டும் ஒரு ஏஜி ஃபோரும் போதும் என்ற நிலை வந்ததால்தான், பெரிய முதல் இல்லாத எத்தனையோ குடும்பங்கள் தொழிலில் இறங்கின. இந்தக் கருவி செய்த நன்மையை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது.

நிற்க. இதே கருவிதான் பட்டறைகளில் கண்ணையும் விரலையும் காவு வாங்குகிறது. அதற்குக் காரணம் தொழிலாளியின் அலட்சியம் என்று சொல்லிவிட்டுப் போவது என்ஜினீயருக்கு அழகல்ல. காரணத்தில் பாதி வடிவமைப்பின் வரலாற்றில் இருக்கிறது. 5 இன்ச் டிஸ்க்கின் நடுத் துளை 22.23 மில்லிமீட்டர். 7 இன்ச்சுக்கும் அதே. 9 இன்ச்சுக்கும் அதே. ஸ்பிண்டில் மரையும் ஒன்றுதான். ஆகவே 5 இன்ச் மெஷினில் கார்டைக் கழற்றிவிட்டால் 7 இன்ச் டிஸ்க் அம்சமாக உட்கார்ந்துகொள்ளும். ஆனால் 5 இன்ச் மெஷின் நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடும்; 7 இன்ச் டிஸ்க்குக்கு அனுமதி சுமார் 8,500 சுற்றுதான். விளிம்பு வேகம் 104 மீட்டர் ஆகிவிடும், தகைவு 1.7 மடங்கு.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு ஃபேப்ரிகேஷன் யார்டில் இது கண்ணெதிரே நடந்தது. 5 இன்ச் வீல் ஸ்டாக் தீர்ந்துபோய் மூன்று நாள் ஆகியிருந்தது. ஸ்டோரில் கேட்டால் "இருக்கிறத வச்சு ஓட்டுங்கப்பா" என்று பதில். ஹெல்பர் பையன் 7 இன்ச்சை மாட்டினான். ஒரு துண்டு அவன் தாடையைக் கிழித்தது, இன்னொன்று ஷெட்டின் தகரத்தைத் துளைத்துக்கொண்டு போனது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகும்போது அவன் என்னிடம் கேட்டது, "அண்ணே, வேலைய விட்டுத் தூக்கிருவாங்களா?" என்றுதான். விபத்து அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதினார்கள். ஸ்டோரில் வீல் இல்லாதது அதில் எங்கேயும் வரவில்லை.

சட்டம் இதைப் பற்றி யோசிக்காமல் இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, ஒவ்வொரு சாணைச் சக்கரத்தின் பாதுகாப்பான உச்ச வேகத்தையும் மெஷின் அருகிலேயே நிரந்தரமாக எழுதிவைக்க வேண்டும் என்றது. ஆனால் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் அது பொதுவாகத் தொழிற்சாலை. நம் தெருமுனைப் பட்டறையில் முதலாளியோடு சேர்த்து மூன்று பேர். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டத்தில் அந்த 10 என்பது 20 ஆகிவிட்டது. ஆங்கிள் கிரைண்டர் மிக அதிகமாக ஓடும் இடங்கள் இப்படி முன்னைவிட எட்டாத தூரத்துக்குப் போயிருக்கின்றன.

கண்ணுக்குத் தெரிந்த காயம் ஒரு பக்கம். கல்லை உலர வெட்டும்போது கிளம்பும் தூசு மறுபக்கம். மாமல்லபுரத்தில் 1957 முதல் சிற்பக் கல்விக்கு அரசு நிறுவனம் இருக்கிறது. 2017இல் அந்த ஊர்க் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. உளிச் சத்தம் கேட்ட தெருக்களில் இப்போது பகலெல்லாம் டைமண்ட் பிளேடின் இரைச்சல். உளி தெறிக்க வைப்பது பெரும்பாலும் சில்லு. பிளேடு எழுப்புவது மாவு. சிலிக்கா தூசில் மிக நுண்ணியது மூக்கு முடியில் நிற்காமல் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடும். சிலிக்கோசிஸ் வந்தால் குணமாக்க மருந்து இல்லை. சமையலறை மேடைக்கு இப்போது நாகரிகமாகிவரும் செயற்கைக் குவார்ட்ஸ் பலகையில் சிலிக்கா 90 சதவீதத்தையும் தாண்டும். அதை வெட்டிய இளம் தொழிலாளர்கள் வரிசையாக நோயில் விழுந்ததால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகையையே தடை செய்தது. நம் வீட்டு மேடைக்கு முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு பலகை வெட்டும் மேஸ்திரியிடம், தண்ணீர் விட்டு வெட்டச் சொல்ல நமக்கு ஒரு வாளித் தண்ணீர்தான் செலவு. துண்டு அந்தத் தூசைத் தடுக்காது.

மெஷினும் மாறிக்கொண்டேதான் வருகிறது. லித்தியம் பேட்டரி வந்து ஒயரை ஒழித்தது. கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார் வந்தது. கையை எடுத்தவுடன் நிற்கும் துடுப்பு ஸ்விட்ச், இரண்டொரு விநாடியில் டிஸ்க்கை நிறுத்தும் பிரேக், டிஸ்க் மாட்டிக்கொண்டு உதறினால் தானே அணையும் மின்னணு அமைப்பு எல்லாம் இருக்கின்றன. விலைதான் நம் பட்டறைக்காரர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. காசே ஆகாத ஒரு விஷயம்: நல்ல டிஸ்க்கின் நடுவிலுள்ள உலோக வளையத்தைப் பாருங்கள், காலாவதி மாதமும் வருடமும் அச்சிட்டிருக்கும். பிசின் ஈரம் குடித்துப் பலம் குறையும் என்பதால் தயாரித்ததிலிருந்து மூன்று வருடம்தான் கணக்கு. பழைய ஸ்டாக்கைப் பாதி விலைக்கு வாங்குகிறவர்கள் அந்த வளையத்தைப் பார்ப்பதில்லை.

நம் கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் முதல் வருட மாணவர்கள் இன்னும் அரத்தால் ராவி "வி" ஜாயிண்ட் செய்கிறார்கள். அது இருக்கட்டும், கைக்கு நல்லது. அதோடு, படிப்பு முடிந்து சைட்டுக்குப் போன முதல் நாளே சந்திக்கப்போகும் இந்த மெஷினையும் காட்டிவிட வேண்டும் என்று எங்கள் செட் நண்பர்கள் சிலர் பேசினோம். பிரேக் உள்ள மெஷின் இரண்டு, தூசு உறிஞ்சும் மூடி, முழு முகக் கவசங்கள் ஆகியவற்றை வாங்கித் தருவதாகச் சங்கச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறோம். சொல்லிக் கொடுக்கப் பேராசிரியர் வேண்டாம், முப்பது வருடம் வீல் மாற்றிய ஒரு மேஸ்திரியை அழைத்து வருகிறோம். சந்திப்புக்கு வரும் அண்ணன்மார்களும் அக்காமார்களும் சாப்பாட்டுக்கு முன் ஒரு பத்து நிமிடம் ஒர்க்‌ஷாப் பக்கம் வந்துவிட்டுப் போங்கள்.